கூரை போட்ட பாலமும் பென்னாகரம் ரோடும்

அமெரிக்காவில் இண்டியானா என்று ஒரு மாநிலம். அதில் பார்க் கவுண்டி என்று ஒரு மாவட்டம். மாவட்டம் என்றதும் நம்ம ஊர் அளவுக்கு நினைத்துவிட வேண்டாம். மொத்த ஜனத்தொகையே சுமார் 16 ஆயிரம்தான். மக்காச்சோளம், சோயா, கொஞ்சம் காடு, சின்னச் சின்ன ஓடைகள். பெரிய தொழிற்சாலை கிடையாது, கடற்கரை கிடையாது, சொல்லிக்கொள்ள ஓர் அருவிகூடக் கிடையாது. ஆனால் 1957-ல் இருந்து ஒவ்வோர் அக்டோபர் மாதமும் பத்து நாள் அங்கே காரை நிறுத்த இடம் கிடைக்காது.

எதைப் பார்க்க இவ்வளவு கூட்டம்? பழைய மரப்பாலங்களை. அதுவும் வீடு மாதிரி கூரை போட்ட மரப்பாலங்கள், மொத்தம் 31. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் குதிரை வண்டி போவதற்காகக் கட்டியவை. அவற்றை வழித்தடங்களாகப் பிரித்து, சிவப்பு வழி, நீல வழி என்று வண்ணத்தில் பெயர் வைத்து, மேப் அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்கள். மேப்பை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு காரில் மெதுவாகச் சுற்றி வர வேண்டியதுதான். டூர் என்பது அவ்வளவுதான்.

"இதுக்குப் போய் டூரா?" என்று யாருக்கும் தோன்றும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அது நேராக பென்னாகரத்தில் வந்து நிற்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

பாலத்துக்கு எதுக்குக் கூரை?

பலரும் நினைப்பதுபோல ஆட்கள் நனையாமல் இருப்பதற்காக இல்லை. பாலம் நனையாமல் இருப்பதற்காக! மரத்தில் கட்டிய பாலம் மழையிலும் பனியிலும் திறந்து கிடந்தால் பத்து, இருபது வருஷத்தில் மக்கிவிடும். அதே பாலத்துக்கு மேலே ஒரு கூரையும் பக்கவாட்டில் பலகையும் அடித்துவிட்டால் நூறு வருஷம் தாண்டியும் நிற்கும். பாலத்தைத் தாங்குகிற கனமான உத்தரங்களோடு ஒப்பிட்டால் கூரைக்கு ஆகிற செலவு கொஞ்சம். கூரை போனால் கூரையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், உள்ளே இருக்கிற முதல் பத்திரமாக இருக்கும்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். புத்தகக் கணக்குப்படி ஒரு சொத்தின் மதிப்பு வருஷா வருஷம் தேய்மானத்தில் குறைந்துகொண்டே வரும், ஒருநாள் சைபர் ஆகும். 1868-ல் கட்டிய பாலத்துக்குப் பேரேட்டில் மதிப்பு எதுவுமே இருக்காது. ஆனால் அந்த சைபர் மதிப்புச் சொத்துதான் இன்றைக்கு ஒரு மாவட்டத்துக்கே சோறு போடுகிறது. தேய்மானம் முடிந்த பிறகு சம்பாதிக்க ஆரம்பித்த சொத்து என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அங்கே உள்ள பிரிட்ஜ்டன் பாலம் 1868-ல் கட்டியது. 2005 ஏப்ரலில் யாரோ ஒருவர் தீ வைத்ததில் முழுக்க எரிந்து சாம்பலானது. "போனது போகட்டும், பக்கத்தில்தான் கான்கிரீட் பாலம் இருக்கே" என்று அந்த ஊர்க்காரர்கள் விட்டுவிடவில்லை. அடுத்த வருஷமே, 2006-ல், அதே இடத்தில் அதே மாதிரி மரத்திலேயே திரும்பக் கட்டினார்கள். அயோவா மாநிலத்தின் மேடிசன் கவுண்டியிலும் இதே கதை. அங்குள்ள சீடார் பாலம் 2002-ல் எரிக்கப்பட்டு, திரும்பக் கட்டி, 2017-ல் மறுபடி எரிக்கப்பட்டு, மறுபடி கட்டப்பட்டது. இந்த மேடிசன் கவுண்டியை வைத்து ராபர்ட் ஜேம்ஸ் வாலர் 1992-ல் ஒரு நாவல் எழுதினார். 1995-ல் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதைப் படமாக எடுத்தார். ஒரு காலத்தில் 19 பாலம் இருந்த இடத்தில் இப்போது மிச்சம் ஆறுதான். அந்த ஆறை வைத்துக்கொண்டு ஊர் பிழைக்கிறது.

நம்ம பக்கம் என்ன இருக்கிறது?

கூரை போட்ட மரப்பாலம் தமிழ்நாட்டில் கிடையாது. காரணமும் தெளிவு. இங்கே கட்டுமானம் என்றால் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். ஆறுகளும் வேறு மாதிரி. எட்டு மாதம் மணல், நாலு மாதம் வெள்ளம். காவிரி மாதிரி ஆற்றை மரத்தில் பாலம் கட்டிக் கடக்க முடியாது. அதனால் பரிசல் ஓட்டிக் கடந்தார்கள்.

ஆனால் பழைய பாலங்களுக்குப் பஞ்சமில்லை. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கிற சுலோசன முதலியார் பாலம் 1843-ல் வந்தது. சுலோசன முதலியார் என்ற ஒரு தனிமனிதர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக் கொடுத்தது. இன்றைக்கும் பஸ் போகிறது. மதுரையில் வைகை மேல் இருக்கும் ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889. கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இதே காவிரி மேல் கல்தூண் நட்டுக் கட்டிய வெல்லஸ்லி பாலம் 1804. எல்லை தாண்டினால் புனலூரில் 1877-ல் கட்டி முடித்த தொங்கு பாலம். குமரி மாவட்டத்தில் 1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப் பாலம், கிட்டத்தட்ட ஒரு கோபுர உயரத்தில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிறது.

இதை எல்லாம் சேர்த்து யாராவது ஒரு வழித்தடம் போட்டிருக்கிறார்களா? சுலோசன முதலியார் பாலத்தில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியும்?

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. திருச்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே 1928-ல் கட்டிய இரும்புப் பாலம். பக்கத்தில் புதுப்பாலம் வந்ததும் 2016-ல் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சாய்ந்து பாலம் உடைந்து ஆற்றில் விழுந்தது. டிவியில் நேரடி ஒளிபரப்பு வேறு. தொண்ணூறு வருஷம் நின்றது, கைவிட்ட இரண்டாவது வருஷம் விழுந்தது. பாலம் உயிரோடு இருந்த காலத்தில் யாரும் அதைப் பார்க்கப் போகவில்லை, விழுந்த பிறகுதான் பார்க்கக் கூட்டம் கூடியது. பார்க் கவுண்டிக்கும் நமக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான்.

சரி, பென்னாகரத்துக்கு வருவோம்

தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். நடுவில் பென்னாகரம். சனி, ஞாயிறு வந்தால் சேலம், ஈரோடு, பெங்களூர் வண்டிகள் வரிசையாக இந்த ரோட்டில் போகும். பென்னாகரத்தில் நிற்கிறவர்கள் எத்தனை பேர்? டீ குடிக்க, பஞ்சர் ஒட்ட, ஏடிஎம் தேட. மற்றபடி பென்னாகரம் என்பது ஒரு போர்டு, வேகத்தடை, அப்புறம் காட்டு ரோடு. நேராக ஒகேனக்கல் போய்க் குளித்து, எண்ணெய் மசாஜ் செய்து, மீன் வறுவல் சாப்பிட்டு, பரிசல் ஏறி, சாயங்காலம் அதே வேகத்தில் திரும்பிவிடுவார்கள்.

ஒகேனக்கல் மேல் குறை இல்லை. பெயரே புகைகிற கல் என்ற கன்னடச் சொல்லிலிருந்து வந்தது. "ரோஜா" படத்தின் முதல் பாட்டில் தமிழ்நாடே அந்த அருவியைப் பார்த்தது. அந்தப் படம் வந்ததும் 1992, மேடிசன் கவுண்டி நாவல் வந்ததும் 1992. ஒரே வருஷம்! அங்கே அந்தப் பெயரை வைத்து மாவட்டம் முழுக்க ஆளை இழுத்தார்கள். இங்கே மொத்தக் கூட்டமும் ஒரே ஓர் இடத்தில் போய் நெரிகிறது. சுற்றி இருக்கிற ஊர்களுக்கு மிஞ்சுவது புழுதியும் காலி பாட்டிலும்.

இத்தனைக்கும் அந்த வழியில் ஒன்றுமே இல்லையா? வரிசையாகப் பாருங்கள்.

சேலம் பக்கமிருந்து வந்தால் முதலில் அதியமான்கோட்டை. அவ்வையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் பெயரைத் தாங்கிய ஊர். சென்னராயப் பெருமாள் கோவிலில் பழைய சுவரோவியங்கள் இருக்கின்றன. காலபைரவர் கோவிலுக்குத் தேய்பிறை அஷ்டமியில் சாம்பல் பூசணியில் விளக்கேற்றக் கூட்டம் அலைமோதும். அடுத்து தர்மபுரி, அந்தக் காலத்துத் தகடூர். அங்குள்ள அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் நிற்கின்றன. மாடு மீட்கப் போய்ச் செத்தவன், ஊரைக் காக்கப் போய்ச் செத்தவன் என்று சாதாரண மனிதர்களுக்கு வைத்த கல். ராஜாக்களுக்குக் கோவில் இருக்கும், சாதாரண ஆளுக்குக் கல் வைத்துப் பெயர் வெட்டிய பூமி இது.

பென்னாகரத்திலிருந்து பாலக்கோடு போகிற பக்கம் பாப்பாரப்பட்டி. சுதந்திரப் போராட்டத் தியாகி சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-ம் தேதி இறந்தது இங்கேதான். சிறையில் தொழுநோய் வந்து, ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்தபோது கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போன மனிதர் அவர். பாரத மாதாவுக்கு இங்கே கோவில் கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். ஒகேனக்கல் போகிற ஒரு பஸ் மாணவர்களில் பத்துப் பேருக்காவது இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பென்னாகரத்திலிருந்து தெற்கே ஏரியூர், நெருப்பூர் தாண்டினால் நாகமரை. அங்கே ரோடு முடிந்துவிடும். முன்னால் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு, கடல் மாதிரி. 1925-ல் ஆரம்பித்து 1934-ல் முடித்த அணை. 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றபோது பல கிராமங்கள் அடியில் போயின. தண்ணீர் நன்றாக வற்றும் வருஷங்களில் எதிர்க்கரை பண்ணவாடி பக்கம் மூழ்கிப்போன ஜலகண்டேஸ்வரர் கோவிலின் நந்தியும், ஒரு பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டும். வற்றிய நிலத்தில் விவசாயிகள் சாகுபடி செய்வார்கள், தண்ணீர் வந்தால் பின்வாங்குவார்கள். தமிழ்நாட்டில் இப்படி ஒரு காட்சி வேறெங்கே கிடைக்கும்?

இத்தனையும் ஒரே நாளில், ஒரு காரில் சுற்றக்கூடிய தூரம். வழியெல்லாம் புளியமரமும் நிலக்கடலைக் காடும் ராகிக் கொல்லையும். பார்க் கவுண்டிக்காரனுக்கு இதில் கால்வாசி கிடைத்திருந்தால் இன்னும் நாலு வண்ணத்தில் மேப் போட்டிருப்பான்.

காசு எங்கே தங்குகிறது?

டூரிஸம் என்றாலே எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் கணக்குச் சொல்வார்கள். வந்தவர்கள் விட்ட காசு எந்த ஊரில் தங்கியது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பெங்களூரில் பெட்ரோல் போட்டு, நெடுஞ்சாலையில் டிபன் சாப்பிட்டு, ஒகேனக்கலில் குளித்துப் போகிற காரால் பென்னாகரம் வட்டாரத்துக்கு லாபம் குறைவு.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை 100 வேன், வேனுக்கு 10 பேர். ஆளுக்கு 50 ரூபாய் மட்டும் வழியில் உள்ள ஊர்களில் செலவு செய்தால் 50 ஆயிரம் ரூபாய். வருஷத்தில் 50 ஞாயிறு என்றால் 25 லட்சம். கம்பங்கூழ், வேர்க்கடலை, புளி, மாம்பழம், ராகிக்களி என்று உள்ளூர்ச் சரக்கு விற்றால் இதில் பெரும்பகுதி உள்ளூரிலேயே சுற்றும். பார்க் கவுண்டி திருவிழாவில் கடை போடுகிறவர்களில் அந்தந்த ஊர் சர்ச்சும் தன்னார்வ அமைப்புகளும் நிறைய. ஒரு வருஷச் செலவுக்கான பணத்தைப் பத்து நாளில் எடுத்துவிடுகிற அமைப்புகள் உண்டு.

இது ஏன் முக்கியம் என்றால், பென்னாகரம் பக்கத்துப் பையன்கள் ப்ளஸ் டூ முடித்ததும் பார்ப்பது இரண்டே திசை. ஒன்று திருப்பூர், இன்னொன்று பெங்களூர். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் விவசாயம், பெய்யாவிட்டால் பஸ் ஸ்டாண்டு. ஊரில் திறந்திருப்பது பாட்டி தாத்தா இருக்கிற வீடுதான். இந்த ரோட்டில் வாரா வாரம் போகிற காசை நிறுத்த ஒரு காரணம் உண்டாக்கினால் பத்து வீட்டிலாவது பையன் ஊரில் இருப்பான். டூரிஸம் எல்லாவற்றையும் மாற்றிவிடாது. ஆனால் கதவு முன்னால் போகிற காசைக்கூடப் பிடிக்காமல் விடுவது புத்திசாலித்தனம் இல்லை.

ஆட்சேபணைகள்

முதல் ஆட்சேபணை: கூட்டம் வந்தால் குப்பை வரும், காடு கெடும். நூறு சதவீதம் நியாயம். பென்னாகரம்-ஒகேனக்கல் ரோடு யானை கடக்கிற காட்டு வழி. 2022-ல் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரை காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. அந்த ரோட்டில் காரை நிறுத்தி பிரியாணிப் பொட்டலம் பிரிப்பதும், குரங்குக்கு சிப்ஸ் போடுவதும் டூர் இல்லை, அட்டூழியம். ஆனால் இப்போது நடப்பதே அதுதானே? எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் கண்ட இடத்தில் நிற்கிறார்கள். நிற்பதற்கு பென்னாகரத்திலும் ஏரியூரிலும் இடமும் காரணமும் இருந்தால் காட்டுக்குள் நிற்பது குறையும். அமெரிக்காவில் 1866-ல் கட்டிய கார்னிஷ்-விண்ட்சர் பாலத்தின் முகப்பில், குதிரையை ஓட்டாமல் நடத்திக்கொண்டு போகாவிட்டால் இரண்டு டாலர் அபராதம் என்று இன்னும் பலகை தொங்குகிறது. மெதுவாகப் போவதுதான் இந்த மாதிரி டூரின் முதல் விதி.

இரண்டாவது ஆட்சேபணை: தண்ணீர் இல்லாத ஊருக்கு டூர் ஒரு கேடா? நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கலந்து பல்லும் எலும்பும் பாதித்த மாவட்டம் இது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்ததே அதற்காகத்தான். குடிநீர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் இதெல்லாம் முதலில் என்பதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் மேப் அச்சடிப்பதும் பெயர்ப்பலகை வைப்பதும் அந்தப் பணத்தைப் பிடுங்குகிற வேலை இல்லை. கோடிகள் வேண்டாம், மனசு வைத்தால் போதும்.

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல். நம்ம ஊரில் புதிதாகக் கட்டினால் ரிப்பன் வெட்டலாம், கல்வெட்டில் பெயர் போடலாம். பழையதைப் பராமரித்தால் ரிப்பனும் இல்லை, கல்வெட்டும் இல்லை. மூலதனச் செலவுக்குப் பெருமை, பராமரிப்புச் செலவுக்குப் பாராமுகம். கூரை போட்ட பாலம் சொல்லிக் கொடுப்பது இதற்கு நேர் எதிரான பாடம். பாலம் கட்டியவனை யாருக்கும் ஞாபகம் இருக்காது, வருஷா வருஷம் கூரையைப் பார்த்துக்கொண்ட ஊர்தான் பாலத்தைக் காப்பாற்றியது.

என்ன செய்யலாம்?

ஒன்று, எண்ண வேண்டும். பார்க் கவுண்டிக்காரர்கள் தங்கள் பாலங்களை 31 என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். பென்னாகரம் தாலுகாவில் நடுகல் எத்தனை, பழைய கல்பாலம் எத்தனை, பரிசல் துறை எத்தனை? ஒரு கல்லூரி என்.எஸ்.எஸ். கேம்ப் பத்து நாளில் எண்ணிவிடும்.

இரண்டு, தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பக்க மேப். தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலும் ஒகேனக்கல் நுழைவாயிலிலும் கிடைக்க வேண்டும்.

மூன்று, ஒவ்வோர் இடத்திலும் நாலு வரிப் பலகை. என்ன, யார், எந்த வருஷம். அவ்வளவு போதும்.

நான்கு, பரிசல்காரர்கள். வெள்ளம் வந்தால் பரிசலுக்குத் தடை, தடை வந்தால் அடுப்பு அணையும். மூங்கிலை வளைத்துப் பரிசல் பின்னுவதே ஒரு வித்தை. தண்ணீர் அதிகம் உள்ள நாட்களில் கரையில் அதைச் செய்து காட்டவும், ஆற்றைப் பற்றிச் சொல்லவும் கூலி கிடைத்தால் அந்த வித்தையும் பிழைக்கும், வீடும் பிழைக்கும்.

ஐந்து, மிச்சமிருக்கிற பழைய பாலம் எதையும் புதுப்பாலம் வந்தது என்பதற்காக இடிக்கவோ கைவிடவோ கூடாது. நடக்க விடுங்கள், சைக்கிள் விடுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை பூசுங்கள்.

இல்லாத பாலம்

கடைசியாக ஒரு விஷயம். நாகமரைக்கும் எதிர்க்கரைக்கும், அதேபோல ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் நடுவே காவிரி விரிந்து கிடக்கிறது. இந்தக் கரை தர்மபுரி மாவட்டம், அந்தக் கரை சேலம் மாவட்டம். ஆட்கள் பரிசலிலும் படகிலும் கடக்கிறார்கள், பைக்கையும் ஏற்றிக்கொள்கிறார்கள். காற்று பலமாக அடித்தால் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். இல்லையென்றால் ரோட்டில் வெகுதூரம் சுற்றிப் போக வேண்டும். ஒட்டனூர்-கோட்டையூர் பாலம் என்பது அந்தப் பக்கத்து மக்களின் பல வருஷக் கோரிக்கை. தேர்தலுக்குத் தேர்தல் அது பேச்சில் வரும்.

உலகத்தின் ஒரு மூலையில், தேவை முடிந்த பாலத்தைக்கூட எரிந்தால் திரும்பக் கட்டுகிறார்கள். இங்கே தேவைப்படுகிற பாலத்துக்காக இரண்டு தலைமுறை பரிசல் துறையில் காத்து நிற்கிறது. பாலத்தை வேடிக்கை பார்க்கக் கார் எடுத்து வருகிறவர்கள் நாகமரை வரைக்கும் ஒருமுறை வந்து, ரோடு தண்ணீருக்குள் முடிகிற அந்த இடத்தில் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். போக வழி இருக்காது. பென்னாகரம் வழித்தடத்தின் மேப் என்றைக்காவது அச்சானால் அதில் முதல் எண் போட வேண்டிய இடம் அதுதான்.